நாலு பேர் மேசையில் யார் அடிப்பவர்?

மேஜிக்: த கேதரிங் சீட்டாட்டத்தில் கொஞ்சம் தீவிரமாக இறங்கியவர்களிடம் "எதைப் படிச்சுட்டு வரலாம்?" என்று கேட்டுப் பாருங்கள். சுற்றிச் சுற்றி ஒரு கட்டுரையில் வந்து நிற்பார்கள். மைக் ஃப்ளோரெஸ் 1999-ல் த டோஜோ என்ற இணையதளத்தில் எழுதிய "ஹூஸ் த பீட்டவுன்?". தமிழில் "இங்கே அடிப்பவர் யார்?" என்று வைத்துக்கொள்ளலாம். அதில் உதாரணமாக வரும் சீட்டுக்கட்டுகள் எல்லாம் பழங்கதை ஆகிவிட்டன. கட்டுரைக்கு மட்டும் வயசாகவில்லை என்பது பொதுவான அபிப்பிராயம்.

எனக்கும் அந்தக் கட்டுரை பிடிக்கும். ஆனால் அதை நாலு பேர் உட்கார்ந்து ஆடும் கமாண்டர் வகை ஆட்டத்துக்கும், அதுவும் போட்டி அளவில், அப்படியே தூக்கிக்கொண்டு வருவதைத் தொடர்ந்து பார்க்கிறேன். "உன் பாத்திரத்தைத் தப்பா எடுத்துக்கிட்ட, அதான் தோத்த" என்கிற அந்த ஒற்றை வரித் தீர்ப்பு இருக்கிறதே, அது இரண்டு பேர் ஆட்டத்தில் பெரும்பாலும் நியாயமானது. நாலு பேர் ஆட்டத்தில் பெரும்பாலும் அநியாயமானது. ஏன் என்பதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம் என்றுதான் இந்தக் குறிப்பு.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு

ரிச்சர்ட் கார்ஃபீல்ட் என்ற கணிதக்காரர் உருவாக்கி, விஸார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம் 1993-ல் வெளியிட்ட ஆட்டம் இது. வழக்கமான வடிவத்தில் இரண்டு பேர். ஆளுக்குக் குறைந்தது 60 சீட்டு கொண்ட சொந்தக் கட்டு, 20 உயிர்ப்புள்ளி. கையில் 7 சீட்டோடு தொடங்கி, முறைக்கு ஒரு சீட்டு எடுக்கலாம். நிலச் சீட்டுகள் மானா என்ற எரிபொருளைத் தரும். அதைச் செலவழித்து மந்திரம் போடலாம், மிருகங்களை இறக்கலாம். எதிராளியின் உயிரைச் சுழியம் ஆக்கினால் வெற்றி. வேறு சில வழிகளும் உண்டு, அவை பின்னால் வரும்.

இந்த ஆட்டத்தின் வியூகச் சிந்தனை இரண்டு முனைகளிலிருந்து வளர்ந்தது. ஒன்று, 90-களின் நடுவில் பிரயன் வைஸ்மன் பிரபலமாக்கிய, "த டெக்" என்றே பெயர் பெற்ற கட்டு. அதன் தத்துவம் சீட்டுக் கணக்கு. என் ஒரு சீட்டு உன் இரண்டு சீட்டைக் காலி செய்தால், மெதுவாக, நிச்சயமாக நான் ஜெயிப்பேன். இன்னொன்று, ஜே ஷ்னைடர் வடிவமைத்து 1996-ல் பால் ஸ்லை ஆடிய, "ஸ்லை" என்றே பெயர் நிலைத்துவிட்ட சிவப்புக் கட்டு. ஒவ்வொரு முறையும் மானாவை மிச்சம் வைக்காமல் சின்னச் சின்ன மிருகங்களை இறக்கி அடி, எதிராளி தன் சீட்டுக் கணக்கைப் பார்ப்பதற்குள் ஆட்டம் முடிந்திருக்கும் என்பது அதன் தத்துவம்.

ஃப்ளோரெஸ் செய்தது இந்த இரண்டையும் ஒரே கேள்விக்குள் கொண்டுவந்தது. அடிப்பவர், தாங்குபவர் என்பது கட்டின் மேல் ஒட்டிய லேபிள் இல்லை. எதிரே யார் இருக்கிறார் என்பதைப் பொறுத்து மாறும் பாத்திரம். இரண்டு பேருமே சிவப்புக் கட்டு வைத்திருக்கலாம். ஆனால் உங்கள் மிருகங்கள் கொஞ்சம் பெரியவை, விலை அதிகம்; எதிராளியுடையவை சின்னவை, வேகமானவை. ஆட்டம் நீண்டால் ஜெயிக்கப்போவது நீங்கள்தான். அப்படியானால் "நானும் சிவப்புதானே" என்று பதிலுக்குப் பதில் அடிக்கப் போகாமல் தடுத்து நின்று தாங்க வேண்டும். யாரிடம் அடிக்கும் வேகம் அதிகம், யாரிடம் அழிக்கும் சீட்டு அதிகம், யாரிடம் தடுக்கும் சீட்டும் சீட்டு எடுக்கும் வசதியும் அதிகம் என்று பார்த்துப் பாத்திரத்தை முடிவு செய்யச் சொல்கிறது கட்டுரை. தப்பான பாத்திரத்தை எடுத்தவர் தோற்பார்.

ஒரு நல்ல நிரல் வரைவு மாதிரி, தேவையில்லாத எதுவும் இல்லாத வாதம். இதன் கீழே எழுதப்படாத ஒரு அனுமானம் இருக்கிறது.

அந்த அனுமானம்

இரண்டு பேர் ஆட்டத்தில் எதிராளியின் நஷ்டம் என் லாபம். மிச்சம் மீதி இல்லாமல் அப்படியே என் கணக்கில் வரவாகும். அதனால்தான் "ஒன்றுக்கு ஒன்று" என்று சீட்டு மாற்றுவது சமமான வியாபாரம். அதனால்தான் இருவரில் ஒருவர் அடிப்பவர் என்றால் மற்றவர் தாங்குபவர் என்று சொல்ல முடிகிறது. ஒருவரின் பாத்திரம் தெரிந்தால் மற்றவருடையது தானாகத் தெரிந்துவிடும்.

ஜான் ஃபான் நியூமன் 1928-ல் நிரூபித்த பிரபலமான தேற்றம் இந்த வகை ஆட்டத்துக்கானது. இருவர், ஒருவரின் வரவு மற்றவரின் செலவு என்றால், இரு பக்கத்துக்கும் ஒரு நிலையான சிறந்த வழி உண்டு. 1944-ல் மார்கன்ஸ்டெர்னோடு சேர்ந்து எழுதிய பெரிய புத்தகத்தில் மூன்று பேருக்குப் போனதும் பேச்சு மாறிவிடுகிறது. யார் யாரோடு சேர்கிறார் என்பதே பிரதானமாகிவிடுகிறது. இரண்டிலிருந்து மூன்றுக்குப் போவது ஒன்று கூடும் விஷயம் அல்ல, ஆட்டத்தின் இனமே மாறிவிடுகிறது.

கார்ஃபீல்டே இதை நன்றாக அறிந்தவர். அவர் இன்னும் இருவரோடு சேர்ந்து 2012-ல் வெளியிட்ட "கேரக்டரிஸ்டிக்ஸ் ஆஃப் கேம்ஸ்" என்ற புத்தகம், பலர் ஆடும் ஆட்டங்களில் அரசியல் நுழைவதைப் பற்றியும், தான் ஜெயிக்க முடியாத ஒருவர் யார் ஜெயிப்பது என்று தீர்மானிக்கும் நிலையைப் பற்றியும் விரிவாகப் பேசுகிறது. ஆட்டத்தை உருவாக்கியவர் இதைத் தனிப் பிரச்சினையாக எடுத்துப் பேசுகிறார். ஆடுபவர்களோ 1999-ன் இருவர் சூத்திரத்தை நாலு பேருக்கும் போட்டுப் பார்க்கிறார்கள்.

இப்போது கமாண்டர். அலாஸ்காவில் ஆடம் ஸ்டேலி என்பவரின் ஆட்டக் குழுவில் தொடங்கி, ஷெல்டன் மெனரியின் முயற்சியால் உலகம் முழுக்கப் பரவிய வடிவம். 2011-ல் விஸார்ட்ஸ் இதற்கென்றே தயாரித்த கட்டுகளை விற்கத் தொடங்கியது. வழக்கமாக நாலு பேர். ஆளுக்கு 100 சீட்டு. அடிப்படை நிலங்களைத் தவிர எந்தச் சீட்டும் ஒரே ஒரு பிரதிதான். தளபதியாக ஒரு சீட்டு தொடக்கத்திலிருந்தே எல்லோரும் பார்க்கத் திறந்து கிடக்கும். உயிர்ப்புள்ளி 40. இதை ஜாலிக்காக ஆடுபவர்கள்தான் அதிகம். ஆனால் பரிசுக்காக, ஈவு இரக்கமில்லாமல் ஆடும் ஒரு கூட்டமும் இருக்கிறது. என் பேச்சு அந்தக் கூட்டத்தைப் பற்றி.

அரீனா செயலியில் பழகி வருபவர்களுக்கு இதில் கூடுதல் சிக்கல். அதில் நாலு பேர் கமாண்டர் கிடையாது, எல்லாமே நேருக்கு நேர். கை பழகியது முழுக்க இருவர் கணக்கில்.

முதல் விரிசல்: 7 போல்ட், 42 போல்ட்

லைட்னிங் போல்ட் என்ற சீட்டு ஒரே ஒரு சிவப்பு மானாவுக்கு 3 புள்ளி சேதம் தரும். 20 உயிர் கொண்ட ஒரு எதிராளியை வீழ்த்த 7 போல்ட் போதும். கமாண்டரில் மூன்று எதிராளிகள், தலைக்கு 40, மொத்தம் 120. அதற்கு 42 போல்ட். ஒரு பிரதிக்கு மேல் வைக்கவும் முடியாது.

ஸ்லை தத்துவம் இங்கே முதல் அடியிலேயே படுத்துவிடுகிறது. போட்டி அளவில் வேகம் என்பது மிருகங்களால் வருவதில்லை, கூட்டுச் சீட்டுகளால் வருகிறது. தாஸாஸ் ஆரக்கிள், டெமானிக் கன்சல்டேஷன் என்ற இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று, எடுப்பதற்குச் சீட்டு மிச்சமில்லை என்றால் உங்களை ஜெயிக்க வைக்கும். மற்றது, கட்டில் இல்லாத ஒரு பெயரைச் சொன்னால் மொத்தக் கட்டையும் காலி செய்துவிடும். இரண்டுக்கும் சேர்த்து 3 மானா. 120 உயிர் இருந்தாலும் 1,200 இருந்தாலும் ஒன்றுதான்.

சரி, அடிப்பவர் என்ற சொல்லுக்குப் பதில் "முதலில் கூட்டுச் சீட்டைப் போடுபவர்" என்று மாற்றிக்கொண்டால் ஃப்ளோரெஸ் பிழைத்துவிடுவாரே என்று கேட்கலாம். இந்த விரிசலை அப்படிப் பூசிவிடலாம்தான். அடுத்ததைப் பூச முடியாது.

இரண்டாவது விரிசல்: செலவு ஒருவருக்கு, லாபம் மூவருக்கு

நான் ஒரு சீட்டைச் செலவழித்து உங்கள் ஒரு சீட்டை அழிக்கிறேன். இருவர் ஆட்டத்தில் எனக்கு ஒன்று குறைவு, உங்களுக்கு ஒன்று குறைவு, கணக்கு சமம். நாலு பேர் மேசையில் எனக்கு ஒன்று குறைவு, உங்களுக்கு ஒன்று குறைவு, மற்ற இருவருக்குக் குறைவே இல்லை. என் மூன்று எதிராளிகளின் சராசரி நஷ்டம் மூன்றில் ஒரு பங்கு. என் நஷ்டம் ஒன்று. ஆக, ஒன்றுக்கு ஒன்று மாற்றியதாக நினைத்துக்கொண்டு சராசரி எதிராளியைவிட மூன்றில் இரண்டு பங்கு பின்னால் போகிறேன்.

ஃபோர்ஸ் ஆஃப் வில் என்ற புகழ்பெற்ற தடுப்புச் சீட்டை மானா இல்லாமலே போடலாம். ஆனால் ஒரு உயிரும், கையிலிருந்து இன்னொரு நீலச் சீட்டும் கொடுக்க வேண்டும். இருவர் ஆட்டத்தில் இரண்டு கொடுத்து ஒன்றைத் தடுக்கிறீர்கள், ஒரு சீட்டு நஷ்டம். நாலு பேரில் அந்த நஷ்டம் 1.67. மேசையில் இருந்த மற்ற இருவரும் செலவில்லாமல் உயிர் பிழைத்தார்கள். "ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே" என்பார்களே, அந்தக் கதைதான்.

கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயம், எல்லாச் சீட்டும் இப்படி மதிப்பிழப்பதில்லை. மேசையில் உள்ள அத்தனை மிருகங்களையும் அழிக்கும் ராத் ஆஃப் காட் மாதிரியான சீட்டு எல்லா எதிராளிகளையும் சேர்த்துத் தாக்குவதால் தன் விகிதத்தைக் காப்பாற்றிக்கொள்கிறது. சில சீட்டுகள் மதிப்பு கூடவும் செய்யும். ரிஸ்டிக் ஸ்டடி என்று ஒன்று, 2000-ல் வந்த ப்ராஃபஸி தொகுப்பில் மலிவான சாதாரண வகைச் சீட்டாக அச்சானது. எதிராளி மந்திரம் போடும் ஒவ்வொரு முறையும், அவர் ஒரு மானா கூடுதலாகக் கட்டாவிட்டால், நீங்கள் ஒரு சீட்டு எடுக்கலாம். இருவர் ஆட்டத்தில் உங்கள் இரண்டு முறைகளுக்கு நடுவே ஒரு எதிராளியின் முறைதான் வரும். நாலு பேரில் மூன்று. சீட்டின் விலை மாறவில்லை, வருமானம் மட்டும் மூன்று மடங்கு. கமாண்டரில் இது இன்று யாரும் அலட்சியம் செய்யாத சீட்டு. "அந்த ஒண்ணைக் கட்டுறீங்களா?" என்ற கேள்வி ஆடுபவர்களிடையே நகைச்சுவையாகவே ஆகிவிட்டது.

இந்த வித்தியாசத்தை "அடிப்பவர், தாங்குபவர்" என்ற பிரிப்பால் சொல்லவே முடியாது. ஃபோர்ஸ் ஆஃப் வில்லும் ரிஸ்டிக் ஸ்டடியும் இரண்டுமே, ஃப்ளோரெஸின் அளவுகோலின்படி, தாங்குபவரின் சீட்டுகள். ஒன்று தடுக்கிறது, மற்றது சீட்டு எடுத்துத் தருகிறது. நாலு பேர் மேசையில் இரண்டும் எதிரெதிர் திசையில் போகின்றன.

மூன்றாவது விரிசல்: பூனைக்கு மணி

ஒருவர் வெற்றிச் சீட்டைப் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். விதிப்படி பதில் சொல்லும் வாய்ப்பு அவருக்கு இடப்புறம் இருப்பவருக்கு முதலில் வரும். பிறகு அடுத்தவர், பிறகு அதற்கடுத்தவர். மூவரும் வரிசையாக "வேண்டாம்" என்று விட்டுவிட்டால் ஆட்டம் முடிந்தது. முத்து, செல்வி, ராஜா என்று வரிசையாகப் பெயர் வைத்துக்கொள்வோம். முத்துவிடம் ஒரு தடுப்புச் சீட்டு இருக்கிறது. போட வேண்டுமா?

ஒவ்வொருவரின் 99 சீட்டில் 12 தடுப்புச் சீட்டு, இதுவரை ஆளுக்கு 10 சீட்டு பார்த்தாகிவிட்டது, தடுப்பு எதையும் இன்னும் செலவழிக்கவில்லை, போடுவதற்கு மானாவும் இருக்கிறது என்று ஒரு எளிய கணக்கு எடுப்போம். பத்தில் ஒரு தடுப்பும் வராமல் இருக்கும் வாய்ப்பு சுமார் 26 சதவீதம். செல்வி, ராஜா இருவரிடமும் ஒன்றும் இல்லாமல் இருக்கும் வாய்ப்பு 6.6 சதவீதம். அதாவது முத்து தன் சீட்டைப் பதுக்கிக்கொண்டு விட்டுவிட்டால், 93 சதவீதத்துக்கு மேல் வேறு யாரோ செலவு செய்து காப்பாற்றிவிடுவார்கள். முத்துவுக்கு நல்ல பேரம்.

ஆனால் செல்வியும் இப்படியே யோசித்தால்? அவளும் விட்டுவிட்டால் எல்லாம் ராஜாவின் கையில். முத்துவின் ஆபத்து 6.6-லிருந்து 26 சதவீதமாகத் தாவுகிறது. அவன் சீட்டு ஒன்றுகூட மாறவில்லை, பக்கத்தில் இருப்பவரின் துணிச்சல் மட்டும்தான் மாறியது. ராஜாவுக்கோ யோசிக்க எதுவும் இல்லை. எல்லோரும் விட்டாயிற்று, கையில் இருந்தால் போட்டே ஆக வேண்டும். ஆகவே, ஆபத்தானவருக்கு வலப்புறம் உட்கார்ந்தவர்தான் பெரும்பாலும் பில்லைக் கட்டுகிறார். எந்த நாற்காலி கிடைக்கிறது என்பது அவர் கட்டையும் சார்ந்ததல்ல, பாத்திரத்தையும் சார்ந்ததல்ல.

சமூகவியலாளர் ஆண்ட்ரியாஸ் டீக்மன் 1985-ல் இதை "தன்னார்வலரின் இக்கட்டு" என்று பெயரிட்டு ஆராய்ந்தார். யாராவது ஒருவர் செலவை ஏற்றால் எல்லோருக்கும் நன்மை என்ற நிலையில், ஆட்கள் கூடக் கூட, ஒருவருமே முன்வராமல் போகும் வாய்ப்பும் கூடும் என்பது அவர் மாதிரியின் முடிவு. எங்கள் துறையில் இருப்பவர்களுக்கு இது புதிதில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு சர்வர் படுத்துவிட்டது என்று ஒருவருக்கு மட்டும் அலர்ட் போனால் எழுந்து பார்ப்பார். குழு மொத்தத்துக்கும் போனால் "வேற யாராவது பார்ப்பாங்க" என்று திரும்பிப் படுப்பார்கள். அதற்காகத்தான் முறை வைத்து ஆள் போடுகிறோம்.

கமாண்டர் மேசையில் முறை வைக்க ஆள் இல்லை.

நான்காவது விரிசல்: பலசாலி முதலில் சாவான்

ஆட்டக் கோட்பாட்டில் ஒரு பழைய புதிர் உண்டு. மூன்று பேர் முறை வைத்துச் சுடுகிறார்கள். முதல் ஆள் குறி தப்பாமல் அடிக்கும் வாய்ப்பு மூன்றில் ஒன்று, இரண்டாம் ஆள் மூன்றில் இரண்டு, மூன்றாம் ஆள் தவறவே மாட்டார். முதல் ஆளே தொடங்குகிறார். யாரைச் சுட வேண்டும்?

யாரையும் இல்லை, வானத்தைப் பார்த்துச் சுட வேண்டும். மூன்றாம் ஆளைக் குறிவைத்தால் முதல் ஆள் கடைசிவரை பிழைக்கும் வாய்ப்பு 31.2 சதவீதம். வேண்டுமென்றே தவறவிட்டால் 39.7 சதவீதம். அப்போது இரண்டாம் ஆளுக்கு 38.1, குறி தவறாத மூன்றாம் ஆளுக்கு வெறும் 22.2. மூன்று பேரில் திறமைசாலிக்குத்தான் வாய்ப்பு மிகக் குறைவு. காகிதத்திலேயே போட்டுப் பார்க்கலாம், பத்து நிமிஷ வேலை.

இருவர் ஆட்டத்தில் பலமாகத் தெரிவதில் பெரிய நஷ்டம் இல்லை. எதிராளிக்கு உங்களை அடிப்பதைத் தவிர வேறு வேலையும் இல்லை. நாலு பேரில் பலமாகத் தெரிவதற்கே ஒரு விலை உண்டு. அதுவும் கமாண்டரில் தளபதிச் சீட்டு தொடக்கத்திலேயே திறந்து கிடப்பதால், நீங்கள் முதல் நிலத்தை வைப்பதற்கு முன்பே மற்ற மூவரும் உங்களை எடைபோட்டுவிடுகிறார்கள். "நான் அடிப்பவரா, தாங்குபவரா?" என்று உங்களையே கேட்டுக்கொள்வது போதாது. மற்ற மூவரும் அந்தக் கேள்விக்கு உங்களைப் பற்றி என்ன பதில் வைத்திருக்கிறார்கள் என்பதும் உங்கள் ஆட்டத்தின் பகுதிதான்.

இதன் உச்சம், ஜெயிக்கவே முடியாதவர் விலை பேசும் இடம். வெற்றிக்கு 5 புள்ளி, சமனுக்கு 1, தோல்விக்கு 0 என்று ஒரு போட்டி நடப்பதாக வைத்துக்கொள்வோம். ராஜா வெற்றிச் சீட்டைப் போட்டாயிற்று. முத்துவால் தடுக்க முடியும். தடுத்தால் அடுத்த முறை செல்வி ஜெயிப்பது உறுதி. முத்துவுக்கு எப்படியும் 0. நான்காவது ஆளும் ஏற்கெனவே நம்பிக்கை இழந்தவர். இப்போது முத்து, "எல்லோரும் சமன்னு ஒத்துக்கலாமா?" என்கிறான். ராஜா மறுத்தால் தடுத்துவிடுவான், ராஜாவுக்கு 0. செல்வி மறுத்தால் விட்டுவிடுவான், செல்விக்கு 0. இருவருக்கும் 1 புள்ளி லாபமாகத் தெரிகிறது. மேசையிலேயே மிகப் பலவீனமானவன் இருவரிடமும் பேரம் முடித்துவிட்டான். ஃப்ளோரெஸின் கட்டத்தில் முத்துவுக்கு என்ன பெயர்? அடிப்பவனும் இல்லை, தாங்குபவனும் இல்லை.

ஃப்ளோரெஸுக்காக

இதையெல்லாம் அவர் தலையில் கட்டுவது சரியில்லை. அவர் எழுதியது இருவர் போட்டிக்கு. அந்த எல்லைக்குள் கட்டுரை இன்றும் நிற்கிறது. நாலு பேர் மேசையிலும் இரண்டு பேர் வெளியேறிய அடுத்த நொடி அது உயிர்பெற்றுவிடும். அப்போது பழைய பழக்கத்தை மறந்தவர் நிச்சயம் தோற்பார்.

பாத்திரப் பெயர்களை உரித்துவிட்டுப் பார்த்தால் கட்டுரையின் உள்ளே இன்னொரு கேள்வி இருக்கிறது: ஆட்டம் நீண்டுபோனால் யார் ஜெயிப்பார்? இது நாலு பேருக்கும் பொருந்தும். மேசையில் அப்படி ஒருவர் இருந்தால், மற்ற மூவருக்கும் நேரம் எதிரி. மூவருமே அவசரப்பட வேண்டியவர்கள். ஆனால் யார் முதலில் சீட்டைச் செலவழித்து அவசரப்படுவது என்ற இடத்தில் மறுபடியும் பூனைக்கு மணி கட்டும் கதை வந்துவிடுகிறது. கேள்வி சரி, பதில் ஒருவர் கையில் இல்லை.

அந்தக் கட்டுரை ஒரு தலைமுறைக்குக் கற்றுக்கொடுத்த மிக நல்ல விஷயம், தோல்விக்குச் சீட்டையும் அதிர்ஷ்டத்தையும் திட்டாமல் தன் முடிவுகளைத் திரும்பிப் பார்க்கும் பழக்கம். நாலு பேர் ஆட்டத்தில் இந்தப் பழக்கம் இரண்டு பக்கமும் கெட்டுப்போவதைப் பார்க்கிறேன். ஒரு பக்கம், எல்லாம் சரியாகச் செய்து, முத்து விட்டுவிட்டதால் தோற்றவர் "நான் எங்கே பாத்திரத்தைத் தப்பா எடுத்தேன்?" என்று இல்லாத தவறைத் தேடுகிறார். இன்னொரு பக்கம், ஒவ்வொரு ஆட்டமும் முடிந்ததும் "நீ ஏன் நிறுத்தல?" என்று ஆளுக்கு ஆள் விரல் நீட்டுகிறார்கள். முதலாமவர் இல்லாத பாடத்தைக் கற்கிறார், இரண்டாமவர்கள் எதையும் கற்பதில்லை. ஒரு ஆட்டத்திலிருந்து கற்க முடியுமா என்பதே இங்கே பணயம். கற்க முடியாத ஆட்டத்தை, எவ்வளவு பரிசு வைத்தாலும், போட்டி என்று சொல்வதில் அர்த்தம் கொஞ்சம்தான்.

நான் இப்போது ஆட்டம் முடிந்ததும் குறித்துவைப்பது வேறு. செலவான ஒவ்வொரு தடுப்புச் சீட்டுக்கும் மூன்று கட்டம்: யார் கட்டினார், யார் பிழைத்தார், கட்டியவர் அதற்கு என்ன வாங்கினார். மூன்றாவது கட்டம்தான் முக்கியம். "இதை நான் நிறுத்துறேன், அடுத்த சுற்று என்னைத் தொடாதீங்க" என்று முத்து கேட்டிருந்தால் அது வாங்கியது. ஒன்றும் கேட்காமல் வீரமாகப் போட்டுவிட்டுக் கையைக் காலி செய்துகொண்டால் அது தானம். பலமாகத் தெரிந்ததற்கு என்ன விலை கொடுத்தோம் என்பதையும் பக்கத்தில் எழுதலாம். என் கட்டுப்பாட்டில் எது இருந்தது, எது இல்லை என்று இந்தக் கட்டங்கள் பிரித்துக் காட்டுகின்றன. தோல்வியை ஏற்றுக்கொள்ளும் அந்தப் பழைய ஒழுக்கத்தை இப்படித்தான் நாலு பேர் மேசைக்குக் கொண்டுவர முடியும் என்று தோன்றுகிறது.

ஆகவே புதிதாக வருபவர்களுக்கு இப்போதும் ஃப்ளோரெஸைத்தான் முதலில் படிக்கச் சொல்வேன். படித்துவிட்டு, மேசையில் எத்தனை நாற்காலி இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். இரண்டுக்கு மேல் இருந்தால், "யார் அடிப்பவர்?" என்பதற்கு முன்னால் "என் செலவில் யார் பிழைக்கிறார்?" என்று கேளுங்கள். உங்கள் மேசையில் இந்தக் கணக்கு வேறு மாதிரி வந்தால் எழுதுங்கள், எந்த இடத்தில் மாறுகிறது என்று சேர்ந்து பார்க்கலாம்.